இதயத்துக்கு ஒரு வடிகால்

"ஏம்மா, மெஷின்தான் எல்லா வேலையும் பாக்குதே, அப்ப எம்புள்ள நெஞ்சு இப்ப சும்மா தூங்கிக்கிட்டுதானே இருக்கும்?"

ஐ.சி.யூ. வாசலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய அறுவை சிகிச்சையின்போது ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுவது என் தொழில். தியேட்டருக்கு வெளியே எக்மோ, அதாவது இதயம், நுரையீரலின் வேலையை உடம்புக்கு வெளியே நாள் கணக்கில் செய்யும் மெஷின், போட்ட நோயாளிகளின் பம்ப்பையும் நாங்கள்தான் பார்த்துக்கொள்வோம். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே கேள்வியை எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. ஆரம்ப வருடங்களில் தயங்காமல் "ஆமாம்மா, நல்லா ரெஸ்ட் எடுக்குது" என்று சொல்வேன். ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று இல்லை, நானும் அப்படித்தான் நம்பினேன்.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்ன என்பதை ஒரு நோயாளியை இழந்துதான் கற்றுக்கொண்டேன். அதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளிகள் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி.

"எக்மோ" என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது 2016 டிசம்பரில். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதாவை எக்மோவில் வைத்திருக்கிறார்கள் என்று இரவெல்லாம் டிவியில் ஓடியது. 2020-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்காக எல்லோரும் காத்திருந்த வாரங்களில் மறுபடி அந்தச் சொல்லைக் கேட்டோம். எக்மோவில் இரண்டு வகை உண்டு. நுரையீரல் மட்டும் கெட்டுப்போனால், ரத்தத்தைச் சிரையிலிருந்து எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி சிரையிலேயே விடுவோம். இதயமே ஓய்ந்துபோனால் சிரையிலிருந்து எடுத்துத் தமனியில் விடுவோம். நான் எழுதப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

தொடையின் பெரிய சிரை வழியாக ஒரு நீளக் குழாயை இதயத்தின் வலது மேலறை வரைக்கும் கொண்டுபோய் வைப்பார்கள். நாங்கள் கானுலா என்போம். அது உடம்பிலிருந்து திரும்பி வரும் கருஞ்சிவப்பு ரத்தத்தை இழுக்கும். பம்ப் அதைத் தள்ளும், ஆக்சிஜனேட்டர் அதைப் பளிச்சென்ற சிவப்பாக்கும். அந்த ரத்தம் தொடைத் தமனியில் வைத்த இன்னொரு கானுலா வழியாக உடம்புக்குள் போகும். நல்ல இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளும். எக்மோவில் 3 முதல் 5 லிட்டர் வரை தாராளமாகக் கொடுக்கலாம். மூளைக்கு ரத்தம் போகும், சிறுநீரகத்துக்குப் போகும், நீல விரல்கள் பத்து நிமிடத்தில் நிறம் திரும்பும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஆனால் ரத்தம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். தொடையிலிருந்து மேல்நோக்கிப் போகிறது. இயல்பில் மகாதமனியில் ரத்தம் இதயத்திலிருந்து இறங்கி வர வேண்டும். எக்மோவில் அதே மகாதமனியில் நிமிடத்துக்கு நாலு லிட்டர் கீழேயிருந்து எதிர்த்து ஏறி வருகிறது. ஏற்கெனவே துவண்டு கிடக்கும் இடது கீழறை, தன்னிடம் இருக்கும் ரத்தத்தை வெளியே தள்ள வேண்டுமானால் அந்த அழுத்தத்தை மீறி வால்வைத் திறந்தாக வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் காவிரி டெல்டாவில் கடைமடை. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வயலில் மழைத் தண்ணீர் நிற்கிறது. வடிய வேண்டிய இடம் வடிகால் ஆறு. ஆனால் ஆற்றிலேயே தண்ணீர் கரை முட்ட ஓடினால் வயல் எப்படி வடியும்? மடையைத் திறந்து வைத்தாலும் பயனில்லை, ஆற்றுத் தண்ணீர்தான் உள்ளே வரும். சம்பாப் பயிர் நாள் கணக்கில் மூழ்கி நின்று அழுகும். எங்கள் அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆற்று மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எக்மோவில் இடது கீழறைக்கு நேர்வது இதுதான்.

"எல்லா ரத்தத்தையும்தான் வலது பக்கத்திலேயே இழுத்துவிடுகிறீர்களே, இடது பக்கத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது?" என்று ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கானுலா எல்லாவற்றையும் இழுப்பதில்லை. கொஞ்சம் நுரையீரல் வழியாகக் கடந்து போகும். மூச்சுக்குழல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் மிச்சம் இடது மேலறையில் வந்து விழும். இதயச் சதைக்குள்ளேயே பொடிப்பொடிச் சிரைகள் நேராக அறைகளுக்குள் திறக்கின்றன. 1708-லேயே தெபேசியஸ் என்ற மருத்துவர் விவரித்தவை அவை. மகாதமனி வால்வு லேசாக ஒழுகினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் சொட்டுச் சொட்டுதான். ஆனால் வெளியேற வழியில்லாத இடத்தில் சொட்டும் சேரும்.

சேர்ந்தால் அறை வீங்கும். வீங்கிய சுவரில் இழுவிசை கூடும், இழுவிசை கூடினால் இதயச் சதை அதிக ஆக்சிஜன் கேட்கும். அதே நேரத்தில் உள்ளே ஏறிய அழுத்தம் சதைக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களை நசுக்கும். தேவை ஏறுகிறது, வரத்து குறைகிறது. ஓய்வு கொடுக்கத்தான் மெஷின் போட்டோம், உள்ளே இதயம் மூச்சுத்திணறிக்கொண்டிருக்கிறது. அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். நகராத ரத்தம் உறையும்.

இப்போது அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பதுகளில் இருந்த ஒருவர். பெரிய மாரடைப்பு, இதயம் நின்று மறுபடி வந்து, மாலை எக்மோ போட்டோம். இரவு டியூட்டி நான். ஃப்ளோ 4.5 லிட்டர். உடம்புக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லேக்டேட் 11-லிருந்து 4-க்கு இறங்கியிருந்தது. சிறுநீர் வந்துகொண்டிருந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி. மானிட்டரில் தமனி அழுத்தக் கோட்டில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மேடு வர வேண்டும். அவருக்கு மேடு இல்லை, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. சராசரி அழுத்தம் 70. அந்தக் கோட்டை இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று படிக்கவில்லை. மூன்று மணிக்கு அழுத்தம் 62-க்கு இறங்கியபோது ஃப்ளோவை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ரத்த நாளத்தை இறுக்கும் நார்அட்ரினலினும் ஏற்றப்பட்டது. ஆற்றில் இன்னும் தண்ணீர் விட்டோம்.

நாலரை மணிக்கு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். வென்ட்டிலேட்டர் குழாயில் நுரை ஏறிக்கொண்டிருந்தது, ரோஸ் மில்க் நிறத்தில். உறிஞ்ச உறிஞ்ச வந்தது. காலையில் எடுத்த எக்கோ ஸ்கேனில் இடது கீழறை பெரிதாக, அசைவே இல்லாமல் இருந்தது. உள்ளே ரத்தம் புகை மாதிரி சுழன்றுகொண்டிருந்தது. எக்கோ பார்ப்பவர்களும் அதைப் புகை என்றுதான் சொல்வார்கள். ஓடாத ரத்தம் அப்படித்தான் தெரியும். மகாதமனி வால்வு மூடியபடியே இருந்தது. அறையின் நுனியில் ஏற்கெனவே ஒரு கட்டி உறைந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்த மாரடைப்பே அவரைக் கொண்டுபோயிருக்கலாம். வேறு என்ன செய்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்று சார் என்னைத் தேற்றினார். இருக்கலாம். ஆனால் இரவு பத்து மணிக்கே அந்த நேர்கோட்டைக் காட்டி "சார், வால்வு திறக்குதான்னு ஒரு எக்கோ பாத்துடலாமா" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு விஷயம் இருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தியேட்டரில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒன்றே "இதயத்தை வீங்க விடாதே" என்பதுதான். ஹார்ட்-லங் மெஷினில் போகும்போது சர்ஜன் வலது மேல் நுரையீரல் சிரை வழியாக ஒரு மெல்லிய குழாயை இடது கீழறைக்குள் இறக்குவார். அதற்கு வென்ட் என்று பெயர். அதன் வேலை ஒன்றே ஒன்று, உள்ளே சேரும் ரத்தத்தை உறிஞ்சி அறையைக் காலியாக வைத்திருப்பது. ஆபரேஷன் நடுவில் சர்ஜன் தலையைத் தூக்காமல் "வென்ட் இழுக்குதா?" என்பார். நான் "இழுக்குது சார்" என்பேன். ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும் பேச்சு இது.

1953 மே 6-ம் தேதி பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் தன் மெஷினை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தியபோது, ஒரு 18 வயதுப் பெண்ணின் இதயத்தையும் நுரையீரலையும் அது 26 நிமிடம் முழுதாகத் தாங்கியது. 1971-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டொனால்ட் ஹில் குழு, விபத்தில் நுரையீரல் கெட்டுப்போன 24 வயது இளைஞரை 75 மணி நேரம் மெஷினில் வைத்துப் பிழைக்க வைத்தது. நிமிடக் கணக்கு நாள் கணக்கானது. பம்ப் தியேட்டரை விட்டு வெளியே வந்தது. ஆக்சிஜனேட்டரும் குழாய்களும் கூடவே ஐ.சி.யூ.வுக்கு வந்தன. வென்ட்டை மட்டும் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக, அவசரத்தில் போடும் எக்மோவில் அந்த வென்ட்டை இடது கீழறைக்குள் இறக்க வழியில்லை என்பது உண்மைதான். வழியில்லாததால் அதைக் கேட்கும் பழக்கமும் விட்டுப்போயிற்று என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வயலை எப்படி வடிய வைப்பது?

பைசா செலவில்லாத வழிதான் முதலில். ஆற்று மட்டத்தைக் குறைப்பது. ஃப்ளோவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வைக்காமல், உடம்புக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு வைப்பது. சராசரி அழுத்தம் 65-ல் லேக்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் 80 எதற்கு? நார்அட்ரினலினை இறக்கிப் பார்ப்பது. டோபுட்டமின் மாதிரி மருந்தைச் சிறிய அளவில் கொடுத்து, இதயத்தை லேசாகவாவது சுருங்க வைத்து வால்வைத் திறக்க வைப்பது. அதிக நீரைச் சிறுநீர் வழியாகவோ டயாலிசிஸ் வழியாகவோ எடுப்பது. வென்ட்டிலேட்டரில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி நுரையீரலில் நீர் கோக்காமல் பார்ப்பது. பலருக்கு இதுவே போதும். இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி வேண்டாம், பக்கத்தில் நின்று கவனிக்க ஆள் வேண்டும்.

அடுத்தது பலூன். 1967-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலாக நோயாளிக்குப் போட்டது. மகாதமனிக்குள் நீளமான ஒரு பலூன். இதயம் விரியும்போது ஹீலியம் நிரம்பி ஊதும், இதயம் சுருங்கப்போகும் நொடியில் சட்டென்று சுருங்கும். ஹீலியம் எடை குறைந்த வாயு என்பதால் அந்த மெல்லிய குழாய்க்குள் ஒரு துடிப்பின் இடைவெளியில் போய்வர முடிகிறது. பலூன் சுருங்கும் நொடியில் இதயத்துக்கு எதிரில் கொஞ்சம் இடம் பிறக்கும். மாரடைப்பால் இதயம் ஓய்ந்தவர்கள் 600 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. பலூன் போட்டதால் 30 நாள் இறப்பு குறையவில்லை என்று அது காட்டியது. அதற்குப் பிறகு பலூனின் மவுசு இறங்கிவிட்டது. ஆனால் அந்த ஆய்வு எக்மோவுக்குப் பக்கத்தில் வைக்கும் பலூனைப் பற்றியது இல்லை. என் அனுபவத்தில், இதயத்தில் கொஞ்சமாவது துடிப்பு மிச்சமிருந்தால் பலூன் உதவுகிறது. வால்வு ஒரேயடியாக மூடிக் கிடந்தால் அது பெரிதாக எதுவும் செய்வதில்லை.

அப்புறம் இம்பெல்லா. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை.

ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர் 1976-ல் எகிப்துக்குப் போயிருந்தார். அங்கே ஒரு கிராமத்தில் ஆட்கள் திருகு இறைவையால் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு குழாய்க்குள் திருகு. அதைச் சுற்றினால் தண்ணீர் திருகின் மேல் ஏறி வந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் பழைய இறைவை அது. இதே மாதிரி ஒரு குட்டித் திருகை இதயத்துக்குள் வைத்து ரத்தத்தை இறைத்தால் என்ன என்று வாம்ப்ளருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்த ஹீமோபம்ப்பை 1988-ல் டெக்சாஸின் ஹூஸ்டனில் ஃபிரேசியர் என்ற சர்ஜன் முதல் நோயாளிக்கு வைத்தார். ஹீமோபம்ப் பின்னால் நின்றுபோனது. அந்த யோசனை நிற்கவில்லை. ஜெர்மனியின் ஆகன் நகரத்தில் உருவான இம்பெல்லா அதே வழியில் வந்தது. இன்று அதிகம் பயன்படும் வகையில் பம்ப்பின் தடிமன் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே இருக்கும் சுழலி நிமிடத்துக்கு 46,000 சுற்று வரை சுற்றும். தொடைத் தமனி வழியாக ஏற்றி, மகாதமனி வால்வைக் கடந்து, வாய் இடது கீழறையிலும் வால் மகாதமனியிலும் இருக்கும்படி வைப்பார்கள். கீழறையிலிருந்து உறிஞ்சி வால்வுக்கு அந்தப் பக்கம் கொட்டும்.

நாலு தலைமுறையாக ஏற்றத்திலும் எஞ்சினிலும் தண்ணீர் இறைத்த குடும்பத்துப் பெண் நான். வயலுக்கு நீர் ஏற்றிய கருவியிலிருந்து இந்த யோசனை வந்தது என்று முதலில் படித்தபோது அப்பாவுக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அதுல என்ன அதிசயம், தண்ணி நிக்குதுன்னா எறைக்க வேண்டியதுதான்" என்றார்.

அது வேலை செய்கிறதா? 2024-ல் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டன் மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு வெளிவந்தது. பெரிய மாரடைப்பால் இதயம் ஓய்ந்தவர்கள் 355 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 180 நாளுக்குள் 58.5 சதவீதம் பேர் இறந்தார்கள். இம்பெல்லாவும் சேர்த்துப் பெற்றவர்களில் 45.8 சதவீதம். இந்த நோயில் இவ்வளவு வித்தியாசம் பார்ப்பது அபூர்வம். ஆனால் ரத்தக்கசிவு, காலுக்கு ரத்தம் போகாமை, டயாலிசிஸ் தேவை எல்லாம் இம்பெல்லா குழுவில் அதிகம். இன்னொன்று, அவர்கள் எக்மோவில் இருந்தவர்கள் இல்லை. எக்மோவோடு இம்பெல்லாவையும் சேர்த்து வைத்த 255 பேரை, எக்மோ மட்டும் வைத்த அதே மாதிரியான 255 பேரோடு ஒப்பிட்டு 2020-ல் ஒரு கட்டுரை வந்தது. சேர்த்து வைத்தவர்களில் இறப்பு குறைவு, சிக்கல்கள் அதிகம். ஆனால் யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டு முடிவு செய்த ஆய்வு இல்லை என்பதால் அதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

2023-ல் இரண்டு ஆய்வுகள். ஜெர்மனியிலும் ஸ்லோவேனியாவிலும் 417 பேரிடம் செய்தது ஒன்று. மாரடைப்பால் இதயம் ஓய்ந்தவர்களுக்குச் சீக்கிரமே எக்மோ போட்டால் உயிர் பிழைப்பது கூடுமா என்று பார்த்தார்கள். கூடவில்லை. 30 நாளில் எக்மோ குழுவில் 47.8 சதவீதம், மற்ற குழுவில் 49 சதவீதம் இறப்பு. அந்தக் கட்டுரையில் என் கண் போய் நின்ற இடம் வேறு. எக்மோ குழுவில் இடது கீழறைக்கு வடிகால் வைத்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. அதனால்தான் பலன் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் என்னால் அந்த எண்ணைத் தாண்டிப் போக முடியவில்லை.

மற்றது தென்கொரியாவில், 116 பேரிடம். எக்மோ போட்டவுடனே எல்லோருக்கும் இடது மேலறையில் வடிகால் குழாய் வைத்தார்கள் ஒரு குழுவில். இன்னொரு குழுவில் தேவைப்பட்டால் மட்டும். 30 நாள் இறப்பு 46.6, 44.8 சதவீதம், கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை வைத்து "வடிகால் தேவையில்லை" என்று சிலர் பேசினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தேவைப்பட்டால் மட்டும் என்ற குழுவில் பாதிப் பேருக்குப் பின்னால் வடிகால் வைக்க வேண்டி வந்தது. எல்லோருக்கும் உடனே ஓட்டை போட வேண்டாம், சரி. ஆனால் யாருக்குத் தேவை என்று மணிக்கு மணி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், தேவை தெரிந்த பிறகு காத்திருக்கக் கூடாது. நான் படித்த வரையிலும் பார்த்த வரையிலும் எனக்குப் பிடிபட்டது இதுதான்.

முதலில் சொன்னேனே ஒரு அம்மா, அவருடைய மகனுக்கு 26 வயது. நாலு நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சிரைப்பு, அப்புறம் மயக்கம். வைரஸ் தொற்றால் இதயச் சதையே அழன்றுபோயிருந்தது. மயோகார்டைட்டிஸ். இது கொடூரமான நோய், ஆனால் தாண்டிவிட்டால் இதயம் பழையபடி திரும்பக்கூடிய நோயும்கூட. அதனால்தான் அந்த இடைப்பட்ட நாட்களில் இதயத்தை வீங்கவிட்டுக் கெடுத்துவிடக் கூடாது.

ஃப்ளோ 3.8. தமனிக் கோட்டில் மேட்டின் உயரம், ரத்த அழுத்தக் கணக்கில், 5 மில்லிமீட்டர்கூட இல்லை. பத்துக்குக் கீழே போனாலே எங்களுக்கு இப்போது மணி அடிக்கும். எக்கோவில் வால்வு திறக்கவில்லை. ஃப்ளோவை 3.2-க்குக் கொண்டுவந்தோம், டோபுட்டமின் போட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு வால்வு நாலைந்து துடிப்புக்கு ஒரு தடவை திறந்தது. அப்புறம் அதுவும் நின்றது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டு பக்கமும் வெளுத்துக்கொண்டு வந்தது.

பையனுடைய அப்பா விவசாயி, எங்கள் பக்கத்துக்காரர். டாக்டர் எல்லாம் விளக்கிவிட்டுப் போன பிறகு என்னிடம் வந்து நின்றார். நான் வடிகாலையும் வயலையும் வைத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "ஆறு எறங்காதுன்னா எஞ்சின் வெச்சு எறைக்க முடியாதா தங்கச்சி?" என்றார்.

"இருக்குங்கய்யா, அந்த மாதிரி ஒரு எஞ்சின் இருக்கு" என்றேன். விலையையும் சொன்னேன். பல லட்சம். எக்மோவுக்கே அவர்கள் நிலத்தை அடகு வைத்திருந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லாட்டி வரப்பை வெட்டிவிடலாம்" என்றேன்.

அதுதான் செப்டோஸ்டமி. இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே இருக்கும் சுவரில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போடுவது. இதயத்தில் ஓட்டை என்றால் பயப்படுவோம், ஆனால் வேண்டுமென்று ஓட்டை போட்டு உயிர் காப்பது 1966-லிருந்தே இருக்கிறது. பெருநாளங்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைகளுக்கு வில்லியம் ராஷ்கிண்ட் பலூனால் அந்தச் சுவரைக் கிழித்துக் காட்டினார். எக்மோவில் இதன் பலன் வேறு. இடது மேலறையில் தேங்கிய ரத்தம் ஓட்டை வழியாக வலது மேலறைக்கு விழும். அங்கே எக்மோவின் கானுலா ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. தனி எஞ்சின் வேண்டாம், இருக்கிற பம்ப்பே இறைத்துவிடும்.

ரத்தக்குழாய் வழியாகவே இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் கேத் லேபுக்குக் கொண்டுபோனோம். எக்மோவோடு ஒரு நோயாளியை இரண்டு மாடி இறக்குவது லேசான காரியம் இல்லை. லிஃப்ட்டுக்குள் கட்டில், வென்ட்டிலேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர், ஆறு மருந்துப் பம்ப்புகள், ஐந்து பேர். கரண்ட் போய் பேட்டரியும் கைவிட்டால் கையால் சுற்ற ஒரு ஹேண்ட் கிராங்க் உண்டு. அதைப் பிடித்தபடி நான் குழாய்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்டியாலஜிஸ்ட் தொடைச் சிரை வழியாக நீள ஊசியை ஏற்றிச் சுவரைக் குத்தினார். இடது மேலறை அழுத்தம் 31. பலூனை நிரப்பி ஓட்டையை அகலப்படுத்தினார். அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை, என் குழாயைப் பார்த்தேன். உடம்பிலிருந்து வரும் குழாயில் ரத்தம் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். அது என் கண் எதிரிலேயே வெளிறி, சிவந்து, தெளிந்தது. நுரையீரலைத் தாண்டி வந்து இடது பக்கம் தேங்கிக் கிடந்த ரத்தம் சிவப்பு, அது வந்து கலக்கிறது. "சார், கலர் மாறுது" என்று கத்தியேவிட்டேன். அழுத்தம் 14-க்கு வந்திருந்தது.

ஓட்டை போட்டதோடு முடிந்துவிடாது. மேலறை காலியானாலும் கீழறையில் அசைவே இல்லாவிட்டால் அங்கே ரத்தம் உறையலாம். அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் அளவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு, டோபுட்டமினை விடாமல், வால்வு திறக்கிறதா என்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எக்கோ பார்த்தோம். எங்கள் எக்மோ சார்ட்டில் இப்போது அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அந்தப் பழைய இரவுக்குப் பிறகு நான் கேட்டு வாங்கிய கட்டம்.

நாலாம் நாள் அதிகாலை கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. எக்கோ புரோபை வைத்தால் வால்வு மூன்று துடிப்புக்கு ஒரு தடவை திறந்தது. மதியத்துக்குள் ஒவ்வொரு துடிப்புக்கும் திறந்தது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. இதயம் தள்ளத் தொடங்கியவுடன் மூளைக்கு முதலில் போவது அதன் ரத்தம்தான், எக்மோவின் ரத்தம் இல்லை. நுரையீரல் இன்னும் நீர் கோத்துக் கிடந்தால் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த ரத்தம் போகும். கால் பக்கம் எடுத்த ரத்தச் சோதனை பிரமாதமாக இருக்கும், தலை பட்டினி கிடக்கும். அதனால் எப்போதும் வலது கையில்தான் சோதிப்போம். அவனுக்கு நுரையீரல் ஏற்கெனவே தெளிந்திருந்தது. வடிகால் வைத்ததன் பலன் அங்கேயும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் ஃப்ளோவை ஒன்றரை லிட்டருக்கு இறக்கிப் பார்த்தோம். கீழறையிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் அளவைக் காட்டும் எக்கோ கணக்கு 10 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். 11 வந்தது. அன்று மாலை கானுலாக்களை எடுத்தார்கள். அந்த அம்மாவிடம் போய், "இனிமேதாம்மா உங்க புள்ள நெஞ்சு அதுவா வேலை செய்யுது" என்றேன். இத்தனை நாள் அது தூங்கவில்லை, படாத பாடு பட்டது, அதற்குத்தான் ஓய்வு தேடிக் கொடுத்தோம் என்று சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்று அப்பா மருந்துச் சீட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, வெட்டின வரப்பை எப்ப அடைப்பீங்க?"

"சின்ன ஓட்டைதாங்கய்யா. தானா சுருங்குதான்னு ஆறு மாசம் பாப்பாங்க. சுருங்கலேன்னா தொடை வழியாவே ஒரு மூடி கொண்டுபோய் அடைச்சிடலாம்."

"ஆறு மாசமா" என்று விரல் விட்டு எண்ணினார். "அப்ப தை அறுப்பு முடிஞ்சு கூட்டியாரேன்."